மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்: நிக்காஹுக்கு முந்தைய ஆலோசனை, படிப்படியாக

தமிழ்நாட்டு முஸ்லிம் வீடுகளில் ஒரு கல்யாணத்துக்காகப் பத்துத் தடவையாவது கூடிப் பேசுகிறோம். எந்த மண்டபம், எத்தனை கிலோ பிரியாணி, யார் யாருக்குச் சேலை எடுப்பது என்று எல்லாம் பேசி முடிவாகிவிடும். ஆனால் சேர்ந்து வாழப்போகிற இரண்டு பேரும் உட்கார்ந்து, மாதம் எவ்வளவு வரும், யாரோடு குடியிருப்போம், உடம்புக்கு ஏதாவது உண்டா என்று கேட்டுக்கொள்வது அரிதாகவே நடக்கிறது. மலேசியாவில் முஸ்லிம் மணமக்கள் திருமண முன்பயிற்சி வகுப்பில் உட்கார்ந்து சான்றிதழ் வாங்கினால்தான் நிக்காஹ் விண்ணப்பம் நகரும். இங்கே அப்படிக் கட்டாயம் இல்லை. சில ஜமாஅத்துகள் (பள்ளிவாசல் நிர்வாகங்கள்) அக்கறையோடு நடத்துகின்றன. மற்ற ஊர்களில் நிக்காஹ் குத்பாவை ஒட்டிய பத்து நிமிட நஸீஹத்தோடு (அறிவுரையோடு) சரி.

பயான் (மார்க்கச் சொற்பொழிவு) வேறு, ஆலோசனை வேறு. பயானில் ஹஜ்ரத் பேசுவார், மணமக்கள் கேட்பார்கள். ஆலோசனையில் மணமக்கள் பேசவேண்டும், ஆலோசகர் கேட்கவேண்டும். ஒரு மணி நேரத்தில் ஆலோசகரே நாற்பது நிமிடம் பேசினால் அந்த அமர்வு வீண். முதன்முதலாக இதற்குத் தயாராகும் மணமக்களுக்கும், பெற்றோருக்கும், தங்கள் மஹல்லாவில் (பள்ளிவாசல் பகுதியில்) தொடங்கப் பார்க்கும் ஜமாஅத்தாருக்கும் இந்த வழிகாட்டி.

எப்போது வைப்பது?

பெண் பார்த்து இரு வீட்டுக்கும் பிடித்த பிறகு, மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன். இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். அட்வான்ஸ் கொடுத்து, பத்திரிகை அடித்து, துபாயிலிருந்து மாமா டிக்கெட் போட்ட பிறகு வைக்கும் அமர்வில் யாருக்கும் "வேண்டாம்" என்று சொல்லும் தைரியம் இருக்காது. தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்கள். "வேண்டாம்" என்று சொல்ல வழியில்லாத இடத்தில் சொல்லப்படும் "சம்மத"த்துக்கு எடை குறைவு.

நான்கு அமர்வுகள், ஒவ்வொன்றும் ஒன்றேகால் மணி நேரம், வாரத்துக்கு ஒன்று. ரத்தப் பரிசோதனைக்கும் அதன் பிறகு எழும் கேள்விகளுக்கும் சேர்த்து, நினைத்திருக்கும் தேதிக்குப் பத்து வாரம் முன்பே தொடங்குங்கள். விடுமுறையில் வரும் மாப்பிள்ளை என்றால் முதல், இரண்டாம், நான்காம் அமர்வுகளை வீடியோ அழைப்பில் வைத்துக்கொள்ளலாம். மஹர் (மணமகன் மணமகளுக்குத் தரும் மணக்கொடை) எழுதும் மூன்றாவது அமர்வு மட்டும் நேரில் நடப்பது நல்லது.

யாரிடம் போவது?

ஒரே ஆளிடம் எல்லாமும் கிடைக்காது. ஃபிக்ஹுக்கு (மார்க்கச் சட்டத்துக்கு) ஓர் ஆலிம் அல்லது ஆலிமா (மார்க்க அறிஞர்), உறவு பற்றிய பேச்சுக்குப் பயிற்சி பெற்ற ஆலோசகர், உடலுக்கு மருத்துவர் என்று மூன்று பேர் வேண்டும். பெண்ணிடம் பேச ஒரு பெண் கட்டாயம் இருக்கவேண்டும். சம்பந்தம் பேசிய தரகரும், இரு வீட்டில் எதற்காவது நெருங்கிய சொந்தமானவரும், இந்தக் கல்யாணம் நடந்தால் ஆதாயம் உள்ளவரும் இதற்குச் சரிப்பட மாட்டார்கள். முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்: "நாங்கள் தனியாகச் சொல்வதை எங்கள் அத்தா அம்மாவிடம் சொல்வீர்களா?" "அவர்கள் நல்லதுக்குத்தானே" என்று பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

நிக்காஹ் ஆகும்வரை இருவரும் அந்நியர்தான் என்பதால் உட்காரும் முறையிலும் கவனம் தேவை. கதவு திறந்த அறை, வெளித்திண்ணையிலோ ஹாலிலோ பெண்ணின் அண்ணனோ வாப்பாவோ கண்ணுக்குத் தெரியும் தூரத்தில். பேச்சு காதில் விழாத தூரமாகவும் அது இருக்கவேண்டும். முகீரா இப்னு ஷுஃபா (ரலி) பெண் பேசியபோது, அந்தப் பெண்ணை நேரில் பார்த்துவிடச் சொன்னார்கள் நபி (ஸல்); இருவரிடையே இணக்கம் நிலைக்க அதுவே ஏற்றது என்று காரணமும் சொன்னார்கள். திர்மிதீ ஹதீஸ் தொகுப்பில் வரும் இந்தச் செய்தியை, "பேசவே கூடாது" என்று சொல்லும் பெரியவர்களிடம் மரியாதையாக எடுத்துச் சொல்லலாம்.

முதல் அமர்வு: தனித்தனியாக

முதலில் பெண்ணைத் தனியாக, பிறகு மாப்பிள்ளையைத் தனியாக. "உனக்குச் சம்மதமா?" என்று நேராகக் கேட்டால் பெரும்பாலோர் "ம்" என்பார்கள். அதனால் கேள்வியை மாற்றவேண்டும்: "நீ வேண்டாம் என்று சொன்னால் உன் வீட்டில் என்ன நடக்கும்?" பதிலில் அழுகை வந்தாலும், "அத்தாவுக்கு நெஞ்சு வலி வரும்" என்று வந்தாலும், "அதெல்லாம் இப்ப பேசி என்ன" என்று வந்தாலும் அங்கேயே நிறுத்துங்கள். கன்னிப்பெண்ணின் மௌனம் சம்மதம் என்ற ஹதீஸை எல்லோரும் சொல்கிறார்கள். அது வெட்கத்தால் வரும் மௌனத்துக்கு. பயத்தால் வரும் மௌனத்துக்கு அதைப் பொருத்தக்கூடாது. கன்ஸா பின்த் கிதாம் (ரலி) அவர்களின் விருப்பமில்லாமல் தந்தை செய்துவைத்த நிக்காஹை நபி (ஸல்) செல்லாது என்று ஆக்கினார்கள், புகாரியில் உள்ளது. வலிக்கு, அதாவது பெண்ணின் காப்பாளருக்கு, உரிமை இருக்கிறது. அது பெண்ணின் விருப்பத்தை விழுங்கும் உரிமை இல்லை.

மாப்பிள்ளையிடமும் இதே கேள்வி. உம்மாவின் வார்த்தைக்காக, சொத்து வெளியே போகக்கூடாது என்பதற்காக மாமன் மகளுக்குத் தலையாட்டும் ஆண்கள் நிறைய. பிறகு அந்தக் கோபம் பெண் தலையில்தான் இறங்கும்.

வயதில் பேச்சே இல்லை. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 நிரம்பாவிட்டால் அமர்வும் இல்லை, நிக்காஹும் இல்லை. பெண் கட்டாயப்படுத்தப்படுவதாகத் தெரிந்தால் 181 என்ற மகளிர் உதவி எண் இருக்கிறது. 18 வயதுக்குக் கீழ் என்றால் 1098.

அடுத்து, மறைத்துவிடும் விஷயங்கள். முந்தைய நிக்காஹ் அல்லது முறிந்த நிச்சயம், தினமும் சாப்பிடும் மாத்திரை, வலிப்பு, மனநோய்க்கு எடுத்த சிகிச்சை, கடன், போதைப் பழக்கம், வழக்கு. "கல்யாணத்துக்குப் பிறகு சொல்லிக்கலாம்" என்பதுதான் பின்னாளில் ஜமாஅத் பஞ்சாயத்தில் முதல் புகாராக வருகிறது. அங்கே நோயைவிட மறைத்ததைத்தான் அதிகம் பேசுவார்கள். குறையைச் சொல்வது புறம்பேசுவது ஆகுமோ என்று தயங்குபவர்களுக்கு ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) நிகழ்ச்சி போதும். இரண்டு பேர் பெண் கேட்டு வந்திருப்பதாக அவர் சொன்னபோது, முஆவியா கையில் பொருளில்லாதவர், அபூ ஜஹ்ம் தோளிலிருந்து தடியை இறக்காதவர் என்று நபி (ஸல்) வெளிப்படையாகச் சொல்லி, உஸாமாவை மணக்கச் சொன்னார்கள். முஸ்லிம் என்ற ஹதீஸ் தொகுப்பில் பதிவாகியிருக்கிறது. கல்யாணத்துக்காக விசாரிக்கும் இடத்தில் உண்மை சொல்வது அமானிதம் (நம்பி ஒப்படைத்த பொறுப்பு).

இரண்டாவது அமர்வு: காசும் வீடும்

இருவருக்கும் ஆளுக்கொரு வெள்ளைத் தாள். இருவரும் ஒருவர் தாளை மற்றவர் பார்க்காமல் எழுதவேண்டும்: மாத வருமானம், பெற்றோருக்குக் கொடுப்பது, கடன் தவணை, நகைக்கடன், வாடகை, கல்யாணத்துக்குப் பிறகு குடும்பச் செலவுக்கு மிஞ்சும் என்று நினைப்பது. பெண் தன் தாளில், மாப்பிள்ளையின் வருமானம் எவ்வளவு என்று தான் நினைத்திருக்கிறாள் என்பதையும் எழுதட்டும். பிறகு இரண்டு தாளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு. சம்பளம் 32,000 ரூபாய். உம்மாவுக்கு 6,000. தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய கடனின் தவணை 9,000. பைக் தவணை 3,200. மிச்சம் 13,800. தனி வீடு எடுத்தால் வாடகை 8,000, கையில் 5,800. பெண்ணின் தாளில் "சம்பளம் 50,000, தனிக்குடித்தனம்" என்று இருக்கும். தரகர் சொன்ன கணக்கு அது. இந்த இடைவெளியை இங்கே பார்த்துவிட்டால், ஒரு வருடம் மாப்பிள்ளை வீட்டிலேயே இருந்துவிட்டுக் கடன் முடிந்ததும் தனியாகப் போவது என்று முடிவெடுக்கலாம். கல்யாணம் ஆகி ஆறாவது மாதம் தெரியவந்தால் "என்னை ஏமாத்திட்டீங்க" என்றுதான் தொடங்கும்.

நஃபகா, அதாவது மனைவியின் உணவு, உடை, உறைவிடம், கணவனின் பொறுப்பு. வசதி உள்ளவர் வசதிக்கேற்ப, நெருக்கடியில் உள்ளவர் அவருக்கு அல்லாஹ் கொடுத்ததிலிருந்து என்று குர்ஆன் (65:7) சொல்கிறது. மனைவி வேலைக்குப் போனால் அந்தச் சம்பளம் அவளுடையது. அவள் விரும்பி வீட்டுக்குச் செலவழிப்பது நன்மை. கட்டாயப்படுத்தி வாங்க முடியாது. இதை மாப்பிள்ளை முன்னிலையில் சொல்லிவிட்டு, "வேலைக்குப் போகும் பெண் வேண்டும் என்று கேட்டீர்களே, அந்தச் சம்பளத்தை வைத்து என்ன கணக்குப் போட்டிருக்கிறீர்கள்?" என்று நேராகக் கேளுங்கள். இந்தக் கேள்விக்கு வரும் பதிலில் பாதி உண்மை தெரிந்துவிடும்.

குடியிருப்புப் பேச்சு ஊருக்கு ஊர் மாறும். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போய் வாழ்வது வழக்கம். பெண்ணுக்கு ஒரு வீடு என்பது அங்கே குடும்பத்தின் முதுகெலும்பு. உள்மாவட்டங்களில் பெரும்பாலும் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிறாள். இரண்டு வழக்கமும் கலக்கும் சம்பந்தத்தில், "அதெல்லாம் வழக்கப்படிதான்" என்று இரு தரப்பும் சொல்வார்கள். இருவர் மனதிலும் இருப்பது வேறு வேறு வழக்கம். அதனால் கேள்விகளைத் துண்டு துண்டாக்குங்கள். எந்த ஊர்? எந்த அறை? அந்த அறைக்கு உள்தாழ்ப்பாள் உண்டா? கழிப்பறைக்குப் போக யார் படுத்திருக்கும் ஹாலைக் கடக்கவேண்டும்? வீட்டில் கொழுந்தனார் இருந்தால் பர்தா எப்படி? சமையல் யார் பொறுப்பு, அடுப்பு ஒன்றா இரண்டா? மறுவீடு போனபின் மாதம் எத்தனை முறை தாய்வீடு? மாமியாரை, மாமனாரைக் கவனிப்பது மகனின் கடமை. மருமகள் செய்வது அவள் நற்குணம். ஃபிக்ஹில் மனைவிக்குத் தனி இடம் கேட்கும் உரிமை இருக்கிறது. உரிமையைச் சொல்லிவிட்டு, பிறகு விட்டுக்கொடுத்தலைப் பேசினால் அந்த விட்டுக்கொடுத்தலுக்கு மதிப்பு உண்டு.

வளைகுடா மாப்பிள்ளை என்றால் இந்த அமர்வையே இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். 45 நாள் விடுப்பில் வந்து, பத்தாம் நாள் நிக்காஹ், மிச்ச நாளில் விருந்து சுற்றிவிட்டு விமானம் ஏறுவது நம் ஊர்களின் நடைமுறை. கேட்க வேண்டியவை: அடுத்த விடுப்பு எப்போது? குடும்ப விசா எடுக்கும் சம்பளமும் பதவியும் இருக்கிறதா, அல்லது "பார்க்கலாம்" என்பது மட்டும்தானா? பணம் யார் கணக்குக்கு வரும்? மாமியார் கணக்குக்கு வந்து, மருமகள் சோப்பு வாங்கவும் கேட்டு நிற்கவேண்டிய ஏற்பாடு பல வீடுகளில் மனக்கசப்பின் வேர். மனைவி பெயரில் தனியாக ஒரு தொகை மாதா மாதம் போகட்டும். கலீஃபா உமர் (ரலி) தம் மகள் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம், ஒரு பெண் கணவனைப் பிரிந்து எவ்வளவு காலம் பொறுப்பாள் என்று கேட்டுப் படைவீரர்கள் வீட்டைப் பிரிந்திருக்கும் காலத்தை வரையறுத்தார்கள். நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் உண்டு. இரண்டு வருடம் என்று யாரும் அறிவிக்கவில்லை. மாப்பிள்ளைக்கு அடிக்கடி வரச் சூழ்நிலை இல்லை என்றால் அதைப் பெண் தெரிந்து, யோசித்து ஒத்துக்கொள்ளவேண்டும்.

மூன்றாவது அமர்வு: மஹர், நிபந்தனை, சீர்

மஹர் பெண்ணின் சொத்து. அவள் தந்தையுடையதும் அல்ல, மாமியாருடையதும் அல்ல (4:4). ஹனஃபி மத்ஹபில் (மார்க்கச் சட்டப் பிரிவில்) குறைந்த அளவு பத்து திர்ஹம், அதாவது ஏறக்குறைய 30.6 கிராம் வெள்ளி. ஷாஃபியில் குறைந்த அளவு என்று ஒன்று இல்லை. மதிப்புள்ள எதுவும் மஹராகலாம். மஹர் ஃபாத்திமியை, அதாவது நபி (ஸல்) மகள் ஃபாத்திமாவின் மஹர் அளவை, 500 திர்ஹமாகக் கொள்பவர்களுக்கு அது சுமார் 1,531 கிராம் வெள்ளி. அன்றைய வெள்ளி விலையால் பெருக்கி எவ்வளவு வருகிறது என்று மணமக்களே கணக்குப் பார்க்கட்டும். "ஊர் வழக்கம் 1,001 ரூபாய்" என்று எழுதுவதற்கும் இதற்கும் உள்ள தூரம் புரியும்.

தொகையைச் சொல்லவேண்டியது பெண். அமர்வில் ஆலோசகர் பெண்ணிடம் தனியாக, "உனக்கு எவ்வளவு வேண்டும்?" என்று கேட்டு, அவள் சொல்வதை அவள் வாயால் சொன்னபடியே வலியிடம் கொண்டுபோகவேண்டும். பெரும்பாலான பெண்களிடம் யாரும் இதைக் கேட்டதே இல்லை.

எழுதும்போது நடக்கும் தவறுகளை விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் பின்னால் இதற்குத்தான் அலைகிறார்கள்.

உடனே கொடுக்கும் மஹர் "முஅஜ்ஜல்", பின்னர் கொடுக்கும் மஹரும் "முஅஜ்ஜல்". அரபியில் முன்னது ஐன் எழுத்தில், பின்னது ஹம்ஸாவில். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோலவே விழும். ஆகவே தஃப்தரில் (நிக்காஹ் பதிவேட்டில்) அரபிச் சொல்லை விட்டுவிட்டு, "நிக்காஹ் சபையிலேயே கையில் கொடுத்தது" என்றும், "இன்ன தேதிக்குள் கொடுக்கவேண்டியது" என்றும் தமிழில் எழுதச் சொல்லுங்கள்.

பின்னர் தருவதாக இருந்தால் ரூபாயில் எழுதாதீர்கள். இருபது வருடம் கழித்து 25,000 ரூபாய்க்கு என்ன வாங்க முடியும்? "22 காரட் தங்கம் 24 கிராம்" என்று கிராமில் எழுதுங்கள். "3 பவுன்" என்று மட்டும் எழுதினால் கல்லும் சேதாரமும் சேர்ந்த எடையா என்று தகராறு வரும். கொடுக்காத மஹர் கணவன் தலையில் கடன். அவர் இறந்தால் வாரிசுகள் பங்கு பிரிக்கும் முன் அதைக் கொடுத்துத் தீர்க்கவேண்டும்; மனைவியின் எட்டில் ஒன்றோ நான்கில் ஒன்றோ ஆன வாரிசுப் பங்கு அதற்குப் பிறகு தனி.

பெண் வீட்டில் ரொக்கம் வாங்கி, அதிலிருந்தே மஹர் நகை வாங்கிப் போடுவது இன்றும் நடக்கிறது. அது மஹர் ஆகாது என்று மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்லும் துணிச்சல் ஆலோசகருக்கு வேண்டும். அதேபோல, சபையில் போட்ட மஹர் நகையை மறுநாளே வாங்கி மாமியார் பீரோவில் வைப்பதும், மச்சினன் விசாவுக்கு அடகு வைப்பதும் கூடாது. நகை பெண் பெயரில் உள்ள லாக்கருக்குப் போகட்டும். ரொக்கமானால் அவள் பெயரில் வங்கிக் கணக்கு நிக்காஹுக்கு முன்பே திறந்திருக்கட்டும்.

கைக்கூலி, சீர், "உங்க பொண்ணுக்கு நீங்க போடுறது", எந்தப் பெயரில் கேட்டாலும் வரதட்சணைதான். 1961-ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம் மஹரை மட்டும் விலக்கி, மற்றதைக் குற்றமாக்குகிறது. வாங்குவதற்குக் குறைந்தது 5 ஆண்டு சிறை, கேட்பதே தனிக்குற்றம். கேட்காமல் பெற்றோர் மகிழ்ந்து கொடுக்கும் அன்பளிப்புகளுக்கு 1985-ஆம் ஆண்டு விதிகளின்படி பட்டியல் எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்டு வைத்திருக்கவேண்டும். நகை என்றால் எடை, பொருள் என்றால் மதிப்பு, கொடுத்தவர் பெயர், உறவு. இரண்டு படி எடுத்து ஆளுக்கொன்று. இப்படிப் பட்டியல் கேட்டால் சம்பந்தி கோபிப்பார் என்று பெண்ணின் தந்தை தயங்குவார். ஆலோசகரே படிவத்தை நீட்டிவிட்டால் அந்தத் தயக்கம் அவர் மேல் விழாது.

நிபந்தனைகளும் இங்கேதான். நிறைவேற்றுவதற்கு மிகவும் உரிமை படைத்த நிபந்தனைகள் திருமணத்தால் ஏற்பட்டவையே என்ற கருத்தில் புகாரியில் ஹதீஸ் உண்டு. படிப்பை முடிப்பது, வேலையைத் தொடர்வது, தனி வீடு, முதல் மனைவி இருக்க மறுமணம் பற்றிய உடன்பாடு, ஹனஃபி ஃபிக்ஹில் இடமுள்ள தலாக் தஃப்வீழ், அதாவது தலாக் அதிகாரத்தை மனைவியிடம் ஒப்படைப்பது, இவை நிக்காஹ் ஒப்பந்தத்தோடு சேரலாம். ஒவ்வொன்றுக்கும் மத்ஹபில் உள்ள எடை வேறு. எனவே வாசகத்தை ஓர் ஆலிமும் ஒரு வழக்கறிஞரும் பார்க்கட்டும். "படிக்க விடுவோம்" என்று எழுதுவதில் பயனில்லை. "பி.எட். இரண்டாம் ஆண்டை இதே கல்லூரியில் முடிப்பார், கட்டணத்தைக் கணவர் ஏற்பார்" என்று எழுதினால்தான் நாளைக்குக் கையில் நிற்கும்.

இடையில் ரத்தப் பரிசோதனை

இரண்டாவது அமர்வுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் வைத்துக்கொள்ளலாம். ரத்த வகை, முழு ரத்த எண்ணிக்கை, ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்க்கும் எச்.பி.எல்.சி., சர்க்கரை, ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி., சிஃபிலிஸ். அரசு மருத்துவமனை நம்பிக்கை மையங்களில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம். 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி சம்மதத்தோடுதான் எடுக்கலாம், முடிவு ரகசியம்.

மாமன் மகள், அத்தை மகன் சம்பந்தம் நம்மிடம் அதிகம் என்பதால் தலசீமியா என்ற பரம்பரை ரத்தநோய்க்கான பரிசோதனையைத் தட்டிக்கழிக்காதீர்கள். அறிக்கையில் எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரிப் பருமன்) 80-க்குக் கீழும், எம்.சி.எச். (ஒரு சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபின்) 27-க்குக் கீழும் இருந்தால் ஒரு சந்தேகம். ஹீமோகுளோபினில் ஒரு வகையான எச்.பி.ஏ.2 அளவு 3.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அவர் பீட்டா தலசீமியா கடத்தியாக (நோய் மரபணுவைச் சுமப்பவராக) இருக்கலாம். ஒருவர் மட்டும் கடத்தி என்றால் பிள்ளைக்குக் கடும் நோய் வராது. இருவரும் கடத்தி என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு. இரும்புச்சத்துக் குறைவு எச்.பி.ஏ.2 அளவைக் குறைத்துக் காட்டி ஆளை ஏமாற்றும். ரத்தசோகை உள்ளவர் அதைச் சரிசெய்துவிட்டு மறுபடி பார்க்கவேண்டும்.

ஹெபடைடிஸ் பி இருந்தால் கல்யாணமே கூடாது என்பதில்லை. மற்றவருக்கு 0, 1, 6 மாதங்களில் மூன்று தவணைத் தடுப்பூசி போடலாம். முதல் இரண்டு தவணையையாவது நிக்காஹுக்கு முன் போட்டுவிடலாம் என்பதற்காகவும்தான் முன்கூட்டியே தொடங்கச் சொன்னது. பெண்ணுக்கு நெகட்டிவ் ரத்த வகை, மாப்பிள்ளைக்குப் பாசிட்டிவ் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. கர்ப்பமானதும் மருத்துவரிடம் சொல்லி ஆன்டி-டி ஊசி போட்டுக்கொள்ளவேண்டும், கருக்கலைந்தாலும்கூட. அறிக்கைகளை மணமக்கள்தான் முதலில் பார்க்கவேண்டும். உறை பிரிக்கப்பட்டு மாமியார் கைக்குப் போகும் வழக்கம் ஆபத்தானது.

நான்காவது அமர்வு: படுக்கையறை, பிள்ளை, சண்டை

தாம்பத்தியப் பேச்சு ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் தனித்தனியாக. மாதவிடாய்க் காலத்தில் உடலுறவு கூடாது (2:222), குளிப்பு எப்போது கடமை, எப்படிக் குளிப்பது என்பதைத் தெரிந்ததாக நினைத்துக் கடக்காமல் சொல்லிக்கொடுங்கள். மாப்பிள்ளையிடம்: முதல் இரவில் எல்லாம் நடந்தாகவேண்டும் என்று எந்த மார்க்கச் சட்டமும் இல்லை. ரத்தம் வந்தால்தான் கன்னி என்பது பொய். பல பெண்களுக்கு வராது. அவசரமும் வற்புறுத்தலும் பெண்ணுக்குத் தசை இறுக்கத்தை உண்டாக்கும். வாரக்கணக்கில் வலி நீடித்தால் மகப்பேறு மருத்துவரிடம் போகவேண்டியது, பேய் ஓட்டுபவரிடம் அல்ல. பெண்ணிடம்: உறவுக்குப் பின் சிறுநீர் கழிப்பது நீர்க்கடுப்பைக் குறைக்க உதவலாம், எரிச்சலும் காய்ச்சலும் வந்தால் வெட்கப்பட்டு மறைக்காதே.

பிள்ளையைத் தள்ளிப்போடுவது பற்றி இருவரும் வெளிப்படையாகப் பேசட்டும். குர்ஆன் இறங்கிக்கொண்டிருந்த காலத்தில் அஸ்ல் (விந்தை வெளியே விடுதல்) செய்தோம் என்று நபித்தோழர் ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள். அதை ஒட்டித் தற்காலிக முறைகளை அறிஞர்கள் பலர் அனுமதிக்கிறார்கள். மனைவியின் சம்மதமும் வேண்டும் என்கிறார்கள். மாத்திரை என்றால் கடையில் கேட்டு வாங்காமல், நிக்காஹுக்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரைப் பார்க்கவேண்டும். உடனே பிள்ளை வேண்டும் என்பவர்களுக்குத் தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம், கருத்தரிக்க ஒரு மாதம் முன்பிருந்தே.

ஷாஃபியும் ஹனஃபியும் மணக்கும் வீட்டில் ஒரு சின்ன விஷயம்: கணவன் மனைவி தோல் பட்டால் ஷாஃபியில் ஒளு (தொழுகைக்கு முன் செய்யும் அங்கசுத்தி) முறியும், ஹனஃபியில் முறியாது. தெரியாவிட்டால், தொழப்போகும் நேரத்தில் கையை உதறிக்கொண்டு விலகும் கணவனைப் பார்த்துப் புதுப்பெண் தன்னை வெறுக்கிறான் என்று நினைத்துவிடுவாள்.

சண்டைக்கு முன்பே ஏற்பாடு வேண்டும். பிணக்கு வந்தால் இரு குடும்பத்திலிருந்தும் ஒரு நடுவர் என்று குர்ஆன் (4:35) சொல்கிறது. அந்த இரண்டு பெயரையும் இன்றைக்கே எழுதிவையுங்கள். கோபம் தலைக்கேறிய பிறகு நடுவரைத் தேடினால் யாருடைய குரல் உரத்திருக்கிறதோ அவர்தான் வருவார். பொறுமையாகக் கேட்பவர், வாய் அடக்கமுள்ளவர், மற்ற வீட்டாரும் மதிப்பவர் போதும். உம்மாவையும் அக்காவையும் தவிர்த்துவிடுங்கள்.

தலாக் என்ற சொல்லைக் கோபத்திலும் விளையாட்டிலும் எடுக்கக்கூடாது. விளையாட்டாகச் சொன்னாலும் நிஜமாகும் மூன்றில் அதுவும் ஒன்று என்று ஹதீஸ் இருக்கிறது. ஒரே மூச்சில் முத்தலாக் சொல்வதை உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 22 அன்று செல்லாது என்றது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி 3 ஆண்டுவரை சிறை. பெண்ணுக்கும் குலா (மனைவி கேட்டுப் பெறும் விடுதலை), ஃபஸ்க் (நிக்காஹை ரத்து செய்வது), 1939-ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் ஆகிய வழிகள் உண்டு என்பதை இருவர் முன்னிலையிலும் சொல்லவேண்டும். கல்யாணத்துக்கு முன் பிரிவைப் பேசுவது அபசகுனம் என்பார்கள். வாசலை எங்கே வைத்திருக்கிறோம் என்று தெரிந்த வீட்டில்தான் நிம்மதியாகத் தூங்க முடியும்.

காகிதங்கள்

வேறு மஹல்லா என்றால் இரு ஜமாஅத்தின் கடிதமும் வேண்டும். வெளியூர் மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே நிக்காஹ் ஆகியிருக்கிறதா என்று தெரிய அது ஒரு வழி. ஒரு வாரம் முன்பே வாங்கிவிடுங்கள்.

நிக்காஹ் தஃப்தரின் வெற்றுப் பக்கத்தை முன்னதாகவே கேட்டு வாங்கிப் படம் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டத்தையும் பென்சிலால் நிரப்பிப் பாருங்கள். சபையில் ஹஜ்ரத் அவசரமாக எழுதும்போதுதான் "முகமது", "முஹம்மது", "மொஹமட்" எல்லாம் நுழைகிறது. ஆதாரிலும் பாஸ்போர்ட்டிலும் உள்ள எழுத்தே தஃப்தரில் இருக்கவேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் குடும்ப விசாவின்போது பிரமாணப் பத்திரத்துக்கு அலையவேண்டும். மஹர் கட்டத்தை எண்ணிலும் எழுத்திலும் நிரப்புங்கள். பெண்ணிடம் சம்மதம் கேட்டுக் கையெழுத்து வாங்க வருபவரோடு சாட்சிகளும் வரட்டும். சுற்றி நாற்பது பேர் நிற்கும் அறையில் கேட்கவேண்டாம்.

தஃப்தர் மட்டும் போதாது. தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம், 2009 எல்லா மதத்தவருக்கும் கட்டாயம். சார்பதிவாளர் அலுவலகத்தில் 90 நாளுக்குள் பதிய வேண்டும். அதன்பின் 60 நாள் கூடுதல் கட்டணத்தோடு. மாப்பிள்ளை விமானம் ஏறும் முன் முடித்துவிடுங்கள். இருவரும் கையெழுத்திட வேண்டியிருப்பதால், தள்ளிப்போட்டால் அடுத்த விடுப்புக்குள் கெடு தாண்டிவிடும். தஃப்தர் நகல், இருவரின் வயது, முகவரிச் சான்றுகள், படங்கள், சாட்சிகளின் அடையாள அட்டைகளை ஒரே உறையில் போட்டு, நிக்காஹுக்கு மறுவாரத்தில் ஒரு நாளை இப்போதே குறித்துவிடலாம். பெண் தன் பெயரை மாற்றவேண்டிய அவசியம் எதிலும் இல்லை.

நிக்காஹுக்குப் பிறகு மூன்றாவது மாதம் ஐந்தாவது அமர்வு ஒன்று உண்டு. வெளிநாடு போய்விட்டால் வீடியோ அழைப்பில். இரண்டாவது அமர்வில் எழுதிய அந்த இரண்டு தாள்களையும் எடுத்துவரச் சொல்லுங்கள். பக்கத்திலேயே புதிதாக இரண்டு தாள், அதே கேள்விகள், இம்முறையும் ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்காமல்.